பழைய வீட்டு ரிப்பேர்: எதில் நாமே கை வைக்கலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்? செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், எங்கள் ஐயா காலத்து வீட்டை 20 வருடமாகப் பராமரித்து வருகிறேன். நான் இன்ஜினீயர் இல்லை, எந்தச் சான்றிதழும் வாங்கியதில்லை. வேலை செய்யும் ஆட்களோடு கூட நின்று பார்த்து, கேட்டு, சிலவற்றைக் கெடுத்தும் கற்றுக்கொண்டவன். தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ராயவரம் என்று பல ஊர்களில் இதே போன்ற வீடுகளை வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த வேலையை நாமே செய்யலாம் என்று எப்படி முடிவு செய்வது?

தொடங்கும் முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: இந்த வேலை தப்பாகப் போனால் அது உடனே கண்ணில் படுமா? குழாயில் வாஷரைச் சரியாகப் போடாவிட்டால் தண்ணீர் சொட்டும். கழற்றி மறுபடி போடலாம், ஒன்றும் குடி முழுகாது. எர்த் வயரை இணைக்காமல் விட்டுவிட்டால் எதுவும் தெரியாது. விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும். ஒருநாள் ஃபிரிட்ஜின் உள்ளே வயர் தேய்ந்து உடம்புத் தகட்டைத் தொடும்போதுதான் அந்தத் தப்பு வெளியே வரும், அதுவும் யாரோ ஒருவர் கையில் வரும்.

தெரிகிற தப்பு, திருத்தக்கூடிய தப்பு என்றால் தாராளமாகக் கை வையுங்கள். மறைந்திருந்து ஆளை அடிக்கும் தப்பு என்றால் அதற்கென்று படித்து, உரிமம் வாங்கி, பெயர் போட்டுப் பில் கொடுக்கிற ஆள் வேண்டும். பழைய வீட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. திரும்பக் கிடைக்காத பொருளில் செய்யும் தப்பு. அதற்குச் சான்றிதழ்கூடப் போதாது, அந்தப் பொருளோடு பழகிய கை வேண்டும்.

மின் வேலையை வீட்டுக்காரரே செய்யச் சட்டம் அனுமதிக்கிறதா?

கொஞ்சம் அனுமதிக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றின்படி மின் அமைப்பில் புதிதாகச் சேர்ப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாவற்றையும் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை அதே இடத்தில், அதே திறனில் மாற்றிப் போடுவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அமைப்பின் திறனோ தன்மையோ மாறக் கூடாது, அவ்வளவுதான். இது நியாயமான கோடு என்றே நினைக்கிறேன். பழைய சுவிட்சுக்குப் பதில் புதிய சுவிட்ச் போடலாம். அந்த சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு லைன் இழுத்து 1.5 டன் ஏசி மாட்டினால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறி ஓடினால் தானே விழும் சுவிட்ச்), சரியான எர்த் வேண்டும்.

எங்கள் வீட்டில் இன்னும் மரக் கேசிங் வயரிங்தான் (மரப்பட்டைக்குள் வயர் ஓடும் பழைய முறை). சுவிட்ச் மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

இங்கேதான் நான் உங்களை நிறுத்தச் சொல்வேன். விதி அனுமதித்தாலும் வீடு அனுமதிக்காது.

அந்தக் காலத்து வயரில் செம்புக் கம்பியைச் சுற்றி ரப்பர், அதற்கு மேல் பருத்தி நூல் உறை இருக்கும். பல பத்தாண்டுகள் ஆனதும் ரப்பர் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. அசையாமல் கிடக்கும் வரை கிடக்கும். நீங்கள் சுவிட்சைக் கழற்றி வயரைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் உறை உதிர்ந்து, கேசிங்குக்குள் கம்பி வெறுமையாகிவிடும். அந்தக் கேசிங் ஓடுவது காய்ந்த தேக்கு மரத்தின் மேல்.

என் அனுபவம் ஒன்று. பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) ஒரு பல்பு ஹோல்டரை மாற்ற சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். திருப்புளி பட்டதும் சுரீரென்று அடித்துத் தள்ளியது. ஏணியோடு விழாமல் தூணைப் பிடித்துக்கொண்டேன். காரணம் பிறகு தெரிந்தது. எப்போதோ யாரோ ஃபேஸையும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலையும் (அது திரும்பும் கம்பி) மாற்றி இணைத்திருக்கிறார்கள். சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டித்தது. விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து மெயினை இறக்காமல் நான் எதையும் தொடுவதில்லை. இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். அதற்கு முன் அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று எரிகிற ஒரு பிளக்கில் வைத்துச் சோதித்துக்கொள்வேன்.

கேசிங் வயரிங் உள்ள வீடு என்றால் உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரை வைத்து முழுக்க மாற்றிவிடுங்கள். அழகுக்காகப் பீங்கான் ஃப்யூஸையும் கறுப்பு சுவிட்சையும் வைத்திருக்க ஆசையா? சுவரிலேயே இருக்கட்டும், மின் இணைப்பு மட்டும் வேண்டாம். புதிய வயரிங்கில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் கேளுங்கள். மின்சாரம் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிந்தால் கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அதை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது நம் வேலை.

அப்புறம், ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை எரியப்போவது சுவருக்குள் இருக்கும் வயர்.

எலக்ட்ரீசியனிடம் உரிமம் கேட்டால் கோபித்துக்கொள்வாரே?

நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒப்பந்தக்காரருக்கு உரிமமும் மேற்பார்வையாளருக்கும் கம்பியாளருக்கும் தனித்தனிச் சான்றும் தருகிறது. "பில்லில் உங்கள் லைசென்ஸ் நம்பரைப் போட்டுக் கொடுங்கள்" என்று சொன்னால் போதும், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், வேலைக்கு வருவது பதினெட்டு வயதுப் பையனாக இருக்கும். அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை, அவனும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மெயின் போர்டையும் எர்த்தையும் முடிக்கும்போது உரிமக்காரர் வந்து நின்றாக வேண்டும் என்று முன்பே பேசிவிடுங்கள்.

பரம்பரைக் கொத்தனார் சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்கிறார். பட்டம் பெற்றவர் சிமெண்ட் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இந்த விஷயத்தில் கொத்தனார் பேச்சை. யோசிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் கீழ்ச் சுவர் ஓதம் ஏறிப் பொரிய ஆரம்பித்தது. முறைப்படி படித்து, கட்டடம் பல கட்டிய ஒருவரைத்தான் அழைத்தோம். பழைய காரையை இடுப்புயரத்துக்கு உரித்துவிட்டு நல்ல சிமெண்ட் பூச்சாகப் பூசிக் கொடுத்தார். வேலை சுத்தம், பார்க்க வழுவழுவென்று இருந்தது. இரண்டு மழைக்காலம் போனது. சிமெண்டுக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த இடத்தில் உப்புப் பூத்தது. பிறகு சிமெண்ட் பாளம் பாளமாக விழுந்தது. விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

என்ன நடந்தது என்றால், இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரைக்கடியிலிருந்து ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் அதில் இல்லை. ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல வெளியே போய்க் காய்ந்துவிடும். சிமெண்டோ அந்த வழியை அடைக்கிறது. அடைபட்ட ஈரம் இன்னும் உயரம் ஏறுகிறது. தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, உள்ளிருந்து தள்ளுகிறது. தவிர, வெயிலுக்கும் குளிருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சிமெண்ட் வளையாது.

அதைச் சரிசெய்ய வந்த வயதான கொத்தனார் பார்த்ததுமே சொன்னது இது: "தண்ணி எப்படியும் வெளிய வந்துரும் தம்பி. வாசலைச் சாத்தினா சன்னல் வழியா வரும்." அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். அவர் பூசிய சுவர் இன்றுவரை நிற்கிறது.

இதனால் படிப்பு வேண்டாம் என்று அர்த்தமில்லை. உத்தரம் தொய்கிறது, சுவர் மேலிருந்து கீழ்வரை பிளக்கிறது, தூணை எடுக்க வேண்டும் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும், அதிலும் பழைய கட்டடங்களில் வேலை செய்தவராக இருந்தால் நல்லது. எந்த ஊர்ப் பழைய வீட்டை நீங்கள் பார்த்துச் சரி செய்தீர்கள், அதை நான் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கொத்தனாரிடமும் அதே கேள்விதான். பூசி நான்கைந்து மழை பார்த்த சுவரைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் சின்னச் சின்ன இடத்தில் நானே சுண்ணாம்பு பூசலாமா?

பூசலாம், நான் செய்கிறேன். முதலில் வெளியே தெரியாத கட்டுச் சுவரில் பழகுங்கள். பெயர்ந்த காரையை மட்டும் எடுத்து, சுவரை நன்றாக நனைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். ஒரே அடியாகத் தடிமனாக அப்பினால் வெடிக்கும். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, புளித்த அந்த நீரைக் கலவையில் சேர்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். சுண்ணாம்பு வெறுமனே உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கல்லாகிறது. அதனால் சித்திரை வெயிலில் பூசாதீர்கள். பூசியதை ஈரச் சாக்குப் போட்டு மறைத்து வையுங்கள்.

நீற்றாத சுண்ணாம்புக் கல்லை மட்டும் நீங்கள் நீற்ற வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீற்றி வைத்த சுண்ணாம்பாக வாங்குங்கள். அதற்கும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

முகப்பிலும் வளவிலும் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) கண்ணாடி போலப் பளபளக்கிறதே, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு, அதில் கை வைக்காதீர்கள். அழுக்கானால் மெல்லிய துணியால் துடைக்கலாம். அதன் மேல் பெயிண்ட் அடித்தால் திரும்ப எடுக்கும்போது மெருகும் சேர்ந்து போய்விடும். அதை மறுபடி செய்யத் தெரிந்தவர்கள் இப்போது குறைவு.

ஆத்தங்குடிக் கல் மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

கூடவே கூடாது. ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடி ஊரில் செய்யும் பூ வடிவத் தரைக் கல், சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். அதன் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. ஆசிட் பட்டால் சிமெண்டை அரித்துவிடும், வண்ணமும் வெளிறும். நான் ஒரு குளியலறை வாசலில் அதைச் செய்து நான்கு கல்லைக் கெடுத்தேன். வெறும் தண்ணீர், மிஞ்சினால் காரம் குறைந்த சோப்பு, பிறகு துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது. இது போதும்.

உடைந்த ஓரிரு கல்லை மாற்றுவது பொறுமை உள்ளவர் கைக்கு எட்டும் வேலை. உடைந்த கல்லை நடுவிலிருந்து உடைத்து எடுங்கள், ஓரத்திலிருந்து நெம்பினால் பக்கத்துக் கல்லும் போகும். ஆத்தங்குடியில் பழைய பூ வடிவத்தைக் காட்டிப் புதிதாகச் செய்து வாங்கலாம். புதுக்கல்லின் நிறம் முதலில் எடுப்பாகத் தெரியும், புழங்கப் புழங்கச் சேர்ந்துவிடும். பழைய கதவுக் கீல், தாழ்ப்பாள் போன்றவற்றுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தேடிப் பாருங்கள்.

ஓடு ஒழுகுகிறது. நானே ஏறி மாற்றலாமா?

வேண்டாம். நாட்டு ஓடு அடுக்கடுக்காக மேய்ந்தது. கால் எங்கே வைப்பது என்று தெரியாதவர் ஏறினால் ஒரு ஓட்டை மாற்றிப் பத்து ஓட்டை உடைப்பார். அடியிலிருக்கும் ரீப்பரோ கைமரமோ கரையான் தின்று கூடாக இருந்தால் ஆளே உள்ளே வந்துவிடுவார். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் அதன் மேல் மிதிக்கவே கூடாது, உடைத்துத் தூசி கிளப்பவும் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது கீழிருந்து. மழை பெய்யும்போது எங்கே சொட்டுகிறது என்று தரையில் சாக்பீஸால் குறியுங்கள். ஓடு இரண்டு பக்கம் கூடும் கூடுவாயில் இலைச் சருகு அடைத்துக்கொண்டால்தான் பெரும்பாலும் ஒழுகும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடிக்காற்று அடங்கியதும் ஓடு மாற்றும் ஆளைப் பிடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்த பிறகு அவர் கிடைக்க மாட்டார்.

ஃபேன், மிக்ஸி, குழாய்?

இவை உங்களுடைய வேலை. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பல நேரம் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். பெரும்பாலான சீலிங் ஃபேனில் 2.5 மைக்ரோ ஃபாரட். பழையதைக் கடையில் காட்டி அதே அளவு வாங்குங்கள். ஏறியதும் ஏறினீர்கள், ஃபேன் தொங்கும் கொக்கியையும் ரப்பர் புஷ்ஷையும் பிளவு ஊசியையும் பார்த்துவிடுங்கள். மிக்ஸி திடீரென்று நின்றால் அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்திப் பாருங்கள். கப்ளர், கார்பன் பிரஷ், கிரைண்டர் பெல்ட் எல்லாம் மாற்றக் கற்றுக்கொள்ளலாம். வாரண்டி இருக்கும் வரை பிரிக்க வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பாத்ரூம் கூரையில் கம்பி தெரிகிறது. சிமெண்ட் வைத்து மூடிவிடலாமா?

மூடினால் மறையும், நிற்காது. இரும்பு துருப்பிடிக்கும்போது பருமன் பல மடங்கு ஊதி, கான்கிரீட்டைப் பிளக்கிறது. துருவை மேலே பூசி மறைத்தால் அது உள்ளே வேலையைத் தொடரும். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இலிருந்து நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு துருவைப் பூசி மறைக்கும் வேலையைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்தக் கூரைக்கடியில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

கேஸ் அடுப்பு?

பர்னரைக் கழற்றிக் கழுவுவது, இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. தீக்குச்சி காட்டிப் பார்க்கக் கூடாது. ரப்பர் குழாயை அதில் போட்டிருக்கும் காலாவதி தேதிக்கு முன் மாற்றுங்கள். ரெகுலேட்டர் பழுதானால் ஏஜென்சியில் கொடுத்து மாற்ற வேண்டும், திறந்து பார்க்கக் கூடாது.

செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. தெரிந்த ஆள் ஒருவர் இறங்குகிறேன் என்கிறார்.

இறங்க விடாதீர்கள். அவர் நூறு முறை இறங்கியிருந்தாலும் சரி. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் முதலில் மூக்கின் வாசனை உணர்வை அணைத்துவிடும். பிறகு ஆள் சரிவார். காப்பாற்ற இறங்குபவரும் சரிவார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் பொறுப்பு. 14420 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், லாரி வந்து உறிஞ்சும். கொல்லையில் பல வருடம் மூடிக் கிடக்கும் கிணற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே வாடையே வராது, மூச்சுக்குக் காற்று இருக்காது.

வீடு பங்கு வீடு. ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, சொந்தம். எனக்கு வேலை தெரியும் என்பதற்காக நானே செய்துவிடலாமா?

உங்கள் அறைக்குள் இருக்கும் குழாயைத் தாராளமாக மாற்றுங்கள். வளவு, முகப்பு, கூரை, மெயின் போர்டு எல்லோருக்கும் பொது. அதில் கை வைக்கும் முன் பங்காளிகளுக்குப் படம் எடுத்து அனுப்பி, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு ஆகும் என்று எழுதிச் சம்மதம் வாங்குங்கள். வேலை தப்பானால் செலவைவிட மனத்தாங்கல்தான் அதிக நாள் இருக்கும். படைப்புக்கோ (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) கல்யாணத்துக்கோ எல்லோரும் கூடும்போது அவசரமாகப் பேசி முடிக்காமல், இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். பில்லை வாங்கி வையுங்கள். வேலையில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசவும் அந்தப் பில்தான் துணை.

நாங்கள் இருப்பது வெளிநாட்டில். ஊரில் 70 வயது ஆச்சி மட்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

ரிப்பேர் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், நிறுத்துவதைச் சொல்லிக் கொடுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே, அதை எப்படி இறக்குவது. தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை எந்த வால்வில் அடைப்பது. கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் அவசர உதவி எண் 1906க்குப் பேசுவது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவர்கள் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள். மெயின் சுவிட்ச் எட்டாத உயரத்தில் இருந்தால் முதல் செலவு அதைக் கீழே இறக்குவதாக இருக்கட்டும். உரிமம் உள்ள எலக்ட்ரீசியன், கொத்தனார், ஓடு மாற்றுபவர், பக்கத்து வீடு என்று நான்கு எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, நிலைக்கதவுக்கு உள்பக்கம், அவர்கள் கண்ணாடி போடாமலே படிக்கும் உயரத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள்.